தில்லிக் குளிரும் மண்ணெண்ணெய் ஹீட்டரும்: எப்போது ஏற்றலாம், எப்போது தொடவே கூடாது

கேள்வி: தில்லி முனிர்க்காவில் மூன்றாவது மாடி பர்சாதியில், அதாவது மொட்டை மாடி வீட்டில், வாடகைக்கு இருக்கிறேன். டிசம்பர் கடைசியில் கும்பகோணத்திலிருந்து அப்பா, அம்மா வந்து பொங்கல் வரை தங்கப்போகிறார்கள். அலுவலக நண்பர் ஒருவர் ஜப்பானில் வாங்கிவந்த மண்ணெண்ணெய் ஹீட்டரை என்னிடம் கொடுத்துவிட்டு ஊர் மாறிப் போய்விட்டார். அதை இரவு முழுக்க எரிய விடலாமா? ஜன்னலைத் திறந்தால் வெளியே இருக்கும் நச்சுப் புகை உள்ளே வருகிறது. காற்று சுத்திகரிப்பான் இருக்கிறது, அது போதாதா?

பதில்: போதாது. இரவு முழுக்க எரிய விடவும் கூடாது. ஆள் தூங்கும் அறையில் அந்த ஹீட்டருக்கு வேலையே இல்லை. மாலையில் எல்லோரும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, கூடத்தில், ஜன்னலைச் சற்றே திறந்துவைத்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஏற்றி அணைத்துவிடலாம். அதற்கும் எண்ணெய் நல்லதாக அமைய வேண்டும். தில்லியில் அதுதான் பெரிய தலைவலி. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் எண்ணெய் அடுப்புகளோடு பழகியது லடாக்கில், கட்டுமானத் தளங்களின் பராமரிப்பு வேலையில் இருந்தபோது. இப்போது மயூர் விஹாரில் இருக்கிறேன். தில்லிக் குளிர் லடாக்கோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள் ஜனவரியில் மொசைக் தரையில் வெறுங்காலோடு நின்று பார்த்திருக்க மாட்டார்கள். 2021 புத்தாண்டு அன்று தில்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் வெப்பநிலை 1.1 டிகிரிக்கு இறங்கியது. இங்கே வீடுகள் கோடைக்காகக் கட்டியவை. மெல்லிய சுவர், கல் தரை, சரியாகச் சாத்தாத கதவு. பர்சாதி என்றால் கூரைக்கு மேலே வேறு கூரை கிடையாது. ராத்திரி முழுக்க வானத்துக்கு வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே உங்கள் கவலை நியாயமானது. கும்பகோணத்து உடம்பு அதைத் தாங்காது.

லடாக்கில் அறைக்குள் எரிவது புகாரி. தகரத்தால் செய்த உருளை அடுப்பு. பக்கத்தில் ஒரு டப்பாவிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கும். மேலே புகைக்குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். அந்தக் குழாய்தான் ஆளைக் காப்பாற்றுகிறது. குழாயில் கரி அடைத்துக்கொண்டாலோ, பனி மூடிக்கொண்டாலோ அங்கேயும் சாவுதான். உங்களிடம் இருக்கும் ஜப்பான் ஹீட்டருக்குக் குழாயே கிடையாது. அது எரிந்து வெளிவிடுவது அத்தனையும் நீங்கள் மூச்சு விடும் அதே அறையில்தான் தங்கும். வீட்டுக்குள் எரிக்கவே வடிவமைத்த கருவி அது என்பது உண்மை. ஆனால் ஜப்பானிலேயே அதன் கையேட்டில் மணிக்கு ஒரு முறை, இரண்டு முறை ஜன்னலைத் திறந்து காற்றை மாற்றச் சொல்லித்தான் விற்கிறார்கள்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்குப் போடுவோம். இந்த வகைச் சிறிய ஹீட்டர் மணிக்கு 200 முதல் 250 மில்லிலிட்டர் எண்ணெய் குடிக்கும். இரண்டு முதல் இரண்டரை கிலோவாட் வெப்பம் தரும். ஒரு மில்லிலிட்டர் மண்ணெண்ணெய் முழுமையாக எரிய ஏறக்குறைய இரண்டு லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். ஆக, மணிக்கு 400 முதல் 500 லிட்டர் ஆக்சிஜன். சும்மா படுத்திருக்கும் ஒரு மனிதருக்கு மணிக்குச் சுமார் 15 லிட்டர் போதும். அதாவது ஹீட்டரை ஏற்றிய நிமிடத்தில் உங்கள் பர்சாதிக்குள் முப்பது பேர் வந்து படுத்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் 34 கன மீட்டர் காற்று. அதை முழுக்க அடைத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 19.6 பக்கம் இறங்கும். கரியமில வாயு ஏறக்குறைய 9,000 பங்கு, அதாவது பத்து லட்சத்தில் 9,000 ஆகும். வெளிக்காற்றில் அது 420 பக்கம் இருக்கும். எந்த அறையும் முழுக்க அடைபடுவதில்லை, கதவிடுக்கு எப்படியும் இருக்கும் என்பதால் நிஜத்தில் இவ்வளவு வேகமாக ஏறாது. ஆனால் கதவிடுக்கில் துணி திணித்து, ஜன்னல் ஓரங்களில் பட்டை ஒட்டி வைப்பவர்களை தில்லியில் நிறையப் பார்த்துவிட்டேன். குளிருக்காக ஒரு பங்கு, நவம்பர் புகைக்காக ஒரு பங்கு. இந்த ஊரின் ஆபத்தே அங்கேதான். மற்ற ஊர்களில் குளிருக்கு மட்டும்தான் ஜன்னலைச் சாத்துகிறார்கள்.

ஆக்சிஜன் குறையக் குறைய எண்ணெய் அரைகுறையாக எரியத் தொடங்கும். அப்போது வருவது கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணில் எரிச்சல் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பலமாக இதைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்தால் விடுவதும் இல்லை. நல்ல காற்றுக்கு வந்த பிறகும் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முகமூடி வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்தால் அதுவே ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே, சந்தேகம் வந்தால் மொட்டை மாடியில் உலாத்தவிட்டு நேரம் கடத்தக் கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

சந்தேகம் எப்படி வரும்? தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், உடம்பு அசந்துபோதல். வயதானவர்களுக்கு இதெல்லாம் பயணக் களைப்பு, பித்தம், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றும். அம்மா ‘தலை கனக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன்’ என்று சொன்னால் நாமும் ரஜாயை இழுத்துப் போர்த்திவிட்டு விளக்கை அணைப்போம். ஹீட்டர் எரியும் அறையில் அப்படிச் சொன்னால், அதே நேரத்தில் உங்களுக்கும் லேசாகத் தலை வலித்தால், வேறு காரணம் தேட வேண்டாம். ஹீட்டரை அணையுங்கள், கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறங்கள், எல்லோரும் வெளியே வாருங்கள். ஆளுக்கு நினைவு தடுமாறினால் 112-க்குக் கூப்பிடுங்கள். அப்பாவுக்கு இதய அடைப்பு ஏற்கெனவே இருக்கிறது என்றால், மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாத அளவிலேயே அவருக்கு நெஞ்சுவலி வரலாம்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். கொரோனா காலத்துக்குப் பிறகு எல்லார் வீட்டிலும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. அதை மாட்டிப் பார்த்து ‘98 காட்டுகிறது, ஒன்றுமில்லை’ என்று நிம்மதி அடையாதீர்கள். வீடுகளில் இருக்கும் ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் வேறுபாடு தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே எண்ணி நல்ல எண்ணைக் காட்டும். ஆள் மயங்கி விழும்போதும் காட்டும். இதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை உண்டு. மருத்துவரிடம் ‘அறையில் எண்ணெய் ஹீட்டர் எரிந்தது’ என்று நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கும் அது தோன்றாமல் போகலாம்.

காற்று சுத்திகரிப்பான் பற்றிக் கேட்டீர்கள். அதிலுள்ள வடிகட்டி தூசியையும் புகைத்துகளையும் பிடிக்கும். கரி அடுக்கு இருந்தால் சில நாற்றங்களைப் பிடிக்கும். கார்பன் மோனாக்சைடு அதற்குள் புகுந்து அப்படியே மறுபக்கம் வந்துவிடும். கரியமில வாயுவும் அப்படியே. அது புதிய காற்றைத் தயாரிப்பதில்லை, இருக்கும் காற்றையே சுற்றவிடுகிறது. ஸ்பிளிட் ஏசியும் அப்படித்தான். அறையில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தால் விஷவாயுவை இழுத்துக்கொள்ளும் என்று தில்லியில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. அங்கீட்டி என்ற கரி அடுப்பு ஏற்றுபவர்கள் வழிவழியாகச் சொல்வது. தண்ணீர் ஒன்றையும் இழுக்காது. மின் ஹீட்டர் அறையை உலர்த்தும், அதற்குத் தண்ணீர்க் கிண்ணம் பரவாயில்லை. எண்ணெய் ஹீட்டர் நேர்மாறு: ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகி அறைக்குள் வரும். மறுநாள் காலையில் ஜன்னல் கண்ணாடியில் வழிவதும், பீரோவுக்குப் பின்னால் சுவரில் பூஞ்சை பிடிப்பதும் அதனால்தான்.

அங்கீட்டி என்ற பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி, குடும்பத்தோடு இறந்துபோன செய்தி ஒவ்வொரு ஜனவரியிலும் தில்லி நாளிதழ்களில் வருகிறது. எண்ணெய் ஹீட்டர் நல்ல நிலையில் இருந்தால் அதைவிட எத்தனையோ சுத்தமானது. கனன்றுகொண்டிருக்கும் கரி சுடரே இல்லாமல், புகையே தெரியாமல் கார்பன் மோனாக்சைடைக் கொட்டும். கீழ்த்தளத்துக் காவலாளி உங்கள் அம்மாவுக்கு அன்போடு ஒரு அங்கீட்டி கொண்டுவந்து கொடுத்தால், நன்றி சொல்லி மொட்டை மாடியில் வைத்துக் கைகாயுங்கள். அறைக்குள் வேண்டாம்.

இனி உங்கள் ஹீட்டர். ஜப்பானிலிருந்து வருபவற்றில் இரண்டு வகை. ஒன்றில் விசிறி இருக்கும், சுவர் மின்சாரத்தில் ஓடும். அது 100 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அத்தோடு முடிந்தது. மற்றொன்று திரி வகை: வட்டத் திரி, அதன் மேல் கம்பி வலையோ கண்ணாடியோ உள்ள கூண்டு, பின்னால் பளபளக்கும் தகடு, பற்றவைக்க மட்டும் டார்ச் பேட்டரிகள். மின்வெட்டிலும் எரிவது இதுதான். உங்களுடையது இந்த வகை என்று எடுத்துக்கொள்கிறேன். இடித்தாலோ சாய்ந்தாலோ திரி தானாகக் கீழே இறங்கி அணையும் பொறி ஒன்று அதில் இருக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே சோதியுங்கள்: திரியை ஏற்றிவைத்து, ஹீட்டரைப் பக்கவாட்டில் ஒரு குலுக்குக் குலுக்கினால் ‘டக்’ என்று திரி இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அந்த ஹீட்டரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம். நான் இதில் சமரசம் செய்வதில்லை.

எண்ணெய்க்கு வருவோம். தில்லியில் 2012-ல் ஒரு திட்டம் தொடங்கி ரேஷன் மண்ணெண்ணெய் வாங்கிய குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பு கொடுத்தார்கள். 2014-ல் மண்ணெண்ணெய் இல்லாத நகரம் என்று அறிவிப்பும் வந்தது. ஆகவே நம் ஊர் ரேஷன் கடை வரிசையில் கிருஷ்ணாயில் வாங்கிய அனுபவம் இங்கே உதவாது. தெருவில் ‘கிடைக்கும்’ என்று சொல்லி பிளாஸ்டிக் கேனில் தருபவரிடம் இருப்பது பெரும்பாலும் பக்கத்து மாநிலத்து நீல எண்ணெய். ரேஷன் எண்ணெய் கடத்தப்படுவதைக் கண்டுபிடிக்கவே அதில் நீலச் சாயம் கலக்கிறார்கள். அதை வாங்குவது சட்டப்படியும் தப்பு, உங்கள் ஹீட்டருக்கும் கேடு. இந்த ஹீட்டர்கள் கந்தகம் மிகக் குறைந்த, தண்ணீர்போல் நிறமற்ற எண்ணெய்க்காகச் செய்யப்பட்டவை. அமெரிக்காவில் புகைக்குழாய் இல்லாத ஹீட்டருக்கு என்று தனித் தர எண்ணெயே உண்டு, கந்தகம் 0.04 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கந்தகம் கூடினால் மூக்கை அரிக்கும் நெடி வரும், திரியின் நுனியில் கரி கெட்டிதட்டும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு இளைக்கும்.

அதைவிடப் பெரிய பயம் கலப்படம். மண்ணெண்ணெய் சுமார் 35, 38 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அதன் ஆவி பற்றும். பெட்ரோலின் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலேயே பற்றும். ஹீட்டரின் எண்ணெய்த் தொட்டி எரியும்போது வெதுவெதுப்பாகும். நல்ல மண்ணெண்ணெய் அதற்கு அசையாது. அதில் கொஞ்சம் பெட்ரோலோ, பெயிண்டர்கள் பயன்படுத்தும் தின்னரோ கலந்திருந்தால் போதும், சுடர் கூண்டுக்கு மேலே எழும்பி நிற்கும். திரியை இறக்கினாலும் அடங்காது. பெட்ரோல் வைத்திருந்த கேனிலேயே மண்ணெண்ணெயை வாங்கி வருவதுகூட இந்த விபத்தை உண்டாக்கும். கேனைக் கழுவினேன் என்பதெல்லாம் செல்லாது. முத்திரை உடையாத டப்பாவில், என்ன எண்ணெய் என்று அச்சிட்டு, ரசீதோடு கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் இந்தக் குளிர்காலத்துக்கு ஹீட்டர் பரணிலேயே இருக்கட்டும். இதைப் படித்து நீங்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் என் மொத்தப் பதிலில் உறுதியான பகுதி இதுதான்.

நல்ல எண்ணெய் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தனியாக ஒரு கண்ணாடிக் குமிழ்போல் உருண்டால் அது தண்ணீர். மஞ்சள் பாரித்திருந்தால் போன வருடத்துப் பழைய எண்ணெய். இரண்டும் ஆகாது. ஊற்றுவது எப்போதும் வெளியே, மொட்டை மாடியில், ஹீட்டர் அணைந்து ஆறிய பிறகு. எரியும்போதோ சூடாக இருக்கும்போதோ ஒரு சொட்டு ஊற்றக் கூடாது. ரப்பர் குமிழை அமுக்கி உறிஞ்சும் கைப்பம்பு கிடைக்கக்கூடிய பொருள்தான். வாயால் குழாய் வைத்து உறிஞ்சும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. மண்ணெண்ணெய் வயிற்றுக்குப் போவதைவிட நுரையீரலுக்குப் போனால்தான் உயிருக்கு ஆபத்து. யாராவது தவறி விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாந்தியோடு வரும்போதுதான் அது நுரையீரலுக்குள் இறங்குகிறது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதே காரணத்தால் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ மண்ணெண்ணெய் இருக்கவே கூடாது. இரவில் கண்ணாடி போடாமல் எழுந்துவரும் அப்பாவுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

தொட்டியை விளிம்புவரை நிரப்பாதீர்கள். மாடியில் சில்லென்று இருக்கும் எண்ணெய் அறைக்குள் வந்து சூடாகும்போது விரிந்து வழியும். கழற்றி மாட்டும் தொட்டி என்றால் மூடியை இறுக்கிய பிறகு, அங்கேயே தலைகீழாகப் பிடித்துச் சற்று நேரம் பாருங்கள். ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் மீண்டும் திறந்து புரிகளைச் சரியாகப் பிடித்து மூடுங்கள். ஜப்பானில் இந்த ஹீட்டர்களால் நேரும் தீவிபத்துகளில் அடிக்கடி சொல்லப்படும் காரணங்களில் ஒன்று இந்த மூடிதான்: அரைகுறையாகத் திருகிய மூடி, தொட்டியைக் கவிழ்த்து மாட்டும்போது கழன்று, எரியும் திரியின்மேல் எண்ணெய் கொட்டிவிடும்.

புதுத் திரியானால் எண்ணெய் ஊற்றி அரைமணி நேரமாவது ஊற விட வேண்டும். ஊறாத திரியைப் பற்றவைத்தால் எண்ணெய்க்குப் பதில் திரியே கருகும். பற்றவைத்ததும் கூண்டின் கைப்பிடியைப் பிடித்து இடமும் வலமும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். அது சரியாக உட்கார்ந்திருந்தால் தடையில்லாமல் அசையும். கோணலாக உட்கார்ந்தால் ஒரு பக்கம் மட்டும் சுடர் எழும்பிக் கரும்புகை வரும். ஐந்து, பத்து நிமிடத்தில் கூண்டு முழுக்க ஒரே சீராகச் செக்கச் சிவந்திருக்க வேண்டும். மஞ்சள் நாக்குகள் மேலே எட்டிப் பார்த்தால் திரியைக் கொஞ்சம் இறக்குங்கள். எண்ணெயை மிச்சப்படுத்துகிறேன் என்று ரொம்பவும் இறக்கிவிடுவதும் தப்பு. நெடியும் கார்பன் மோனாக்சைடும் அதில்தான் கூடுதலாக வரும். பலரும் இங்கே ஏமாறுகிறார்கள், சின்னச் சுடர் பத்திரம் என்று நினைத்து. இந்தக் கருவிக்கு அதன் அளவான சுடர்தான் பத்திரம். வெப்பம் அதிகமென்று தோன்றினால் அணைத்துவிடுங்கள்.

ஜன்னல் எவ்வளவு திறப்பது? ஓரங்குலம், எரியும் நேரம் முழுவதும். எதிர்ப்பக்கத்தில் வேறொரு அறைக்குப் போகும் கதவும் திறந்திருக்கட்டும். காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போக வேண்டும். அதோடு மணிக்கு ஒரு முறை இரண்டு நிமிடம் ஜன்னலை அகலத் திறந்து மூடுங்கள். சுவரும் மேசையும் சூடாகிவிட்டதால் அறை சீக்கிரமே பழைய வெதுவெதுப்புக்கு வந்துவிடும். வெளியே காற்றுத் தரக் குறியீடு 400 என்கிறீர்கள், தெரியும். அப்படிப்பட்ட நாளில் ஜன்னல் திறக்க மனமில்லை என்றால் ஹீட்டரை ஏற்றாதீர்கள். இரண்டில் ஒன்றுதான். தவிர, ஹீட்டர் சுத்தமாக எரியும்போதே நைட்ரஜன் டை ஆக்சைடை வெளிவிடும். தில்லிக் காற்றில் அது ஏற்கெனவே இருக்கிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆஸ்துமா, நாள்பட்ட இருமல் இருந்தால் இந்தப் பேச்சையே விட்டுவிடலாம்.

ஹீட்டரைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்றடிக்கு எதுவும் இருக்கக் கூடாது: திரைச்சீலை, ரஜாய், நாளிதழ், சோபா. சொல்ல எளிது, பர்சாதியில் மூன்றடி கிடைப்பது கஷ்டம். அம்மா வந்ததும் இன்னொரு சோதனை ஆரம்பிக்கும். தில்லி ஜனவரியில் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. மார்கழி மாதம், விடியற்காலையில் குளித்து ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போக வேண்டும், மடிப்புடவை இன்னும் ஈரமாக இருக்கிறது. எதிரே நெருப்பு கனகனவென்று எரிகிறது. கொடியை ஹீட்டருக்கு மேலே இழுத்துக் கட்டத்தான் கை போகும். காய்ந்த புடவை லேசாகிவிடும். ஹீட்டரிலிருந்து எழும் சூட்டுக்காற்றிலேயே அசைந்து நழுவி விழும். ஆள் அடுக்களையில் இருப்பார். ஜப்பானியத் தீயணைப்புத் துறையினர் ஆண்டுதோறும் எச்சரிப்பது இதே விபத்தைப் பற்றித்தான். அம்மாவுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். கூடவே, புடவையைக் காயவைக்க வேறு வழியும் செய்து கொடுங்கள். வெறுமனே ‘கூடாது’ என்றால் நீங்கள் அலுவலகம் போன பிறகு நடக்கும். கொசு மருந்து, வாசனைத் தெளிப்பான் போன்ற டப்பாக்களை ஹீட்டர் எரியும் அறையில் வைக்கவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம்.

விடியற்காலைக் குளியல் என்றதும் நினைவு வருகிறது: உங்கள் குளியலறையில் கேஸ் கெய்சர் இருக்கிறதா பாருங்கள். ஜன்னலில்லாத குளியலறையில் அதனால் மயங்கி விழுந்து இறப்பதும் இதே கார்பன் மோனாக்சைடால்தான். இருந்தால் வெந்நீரை வாளியில் பிடித்து, அதை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து காற்று மாறிய பிறகே குளிக்கச் சொல்லுங்கள்.

சுடர் எழும்பித் தீப்பற்றினால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். எரியும் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடத்தான் எல்லோருக்கும் தோன்றும். தூக்கினால் எண்ணெய் அலம்பும், கையில் தீப்பிடிக்கும், வழியெல்லாம் கொட்டும். தூக்காதீர்கள். அணைக்கும் பொத்தானை அழுத்துங்கள். தணியவில்லை என்றால் ஆட்களை வெளியேற்றிக் கதவைச் சாத்திவிட்டு 101-க்குச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, எண்ணெய் அதன் மேல் மிதந்து தீயைப் பரப்பும். உலர்தூள் தீயணைப்பான் ஒன்று, ஏபிசி என்று எழுதியது, வாசலருகே இருக்கட்டும். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் தேவைப்படும்போது எடுக்க முடியாது.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வாங்குங்கள். இணையத்தில் கிடைக்கிறது. புகை எச்சரிக்கைக் கருவி வேறு, இது வேறு. பெட்டியில் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். பொதுவான தரத்தில் செய்தவை பத்து லட்சத்தில் 70 பங்கு அளவு இருந்தால் ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள்ளும், 400 பங்கு என்றால் நான்கிலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள்ளும் அலறும். இந்த வாயு காற்றின் எடையையே ஒத்தது, மேலேயும் தங்காது கீழேயும் தங்காது. ஆகவே கருவியைக் கட்டிலில் படுத்திருப்பவரின் தலை உயரத்துக்குச் சுவரில் மாட்டலாம். உள்ளே இருக்கும் உணரிக்கு ஆயுள் உண்டு, காலாவதித் தேதி பின்னால் இருக்கும். கருவி கத்தவில்லை என்பதற்காக ஜன்னலைச் சாத்திவிடாதீர்கள். அது மோசமான நிலைக்கான கருவி. வயதானவர்களுக்கு அதற்கும் குறைந்த அளவிலேயே தலை வலிக்கலாம்.

சரி, ராத்திரிக்கு என்ன செய்வது? எண்ணெய் நிரப்பி மூடிய, பட்டை பட்டையாக நிற்கும் மின் ரேடியேட்டர் ஒன்று வாங்குங்கள். அதில் எண்ணெய் எரிவதில்லை, சூடாகி நிற்கிறது, அவ்வளவுதான். இரண்டு கிலோவாட்டில் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு இரண்டு யூனிட். அறை சூடானதும் தானே நின்று நின்று ஓடும். 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருக வேண்டும், நீட்டிப்புப் பலகையில் கூடாது. பர்சாதி வயரிங் பழையதாக இருக்கும், கெய்சரையும் இதையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். படுக்கப் போகும் முன் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிறகு வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வெந்நீர்ப் பை, கம்பளிக் காலுறை, குல்லா, தரையில் ஒரு தடித்த விரிப்பு, நல்ல ரஜாய் இருந்தால் பாதிக் குளிர் அங்கேயே போய்விடும். முதல் ஒரு வாரம் ‘இதென்ன கரடி வேஷம்’ என்று அம்மா சிரிப்பார். பிறகு கழற்ற மாட்டார்.

ஆக, ஜப்பான் ஹீட்டர் மின்வெட்டு மாலைக்கு. அதையும் படுக்கப்போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அணைத்து, காற்றை ஒரு முறை முழுக்க மாற்றிவிட்டு, பிறகு படுங்கள். அணைக்கும்போதும் அணைந்த சில நிமிடங்களுக்கும் நெடி அடிக்கும், அது இயல்பு.

பிப்ரவரி முடிந்து ஹீட்டரைப் பரணில் ஏற்றும்போது தொட்டியில் எண்ணெய் மிச்சம் இருக்கக் கூடாது. திரி கண்ணாடி இழையா பருத்தியா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இழை என்றால் வெளியே வைத்து எண்ணெய் தீரும்வரை எரியவிட்டால் நுனியிலுள்ள கரியும் போய்விடும். பருத்தித் திரியை அப்படி எரித்தால் திரியே போய்விடும், அதைக் கத்தரித்து மட்டுமே சமன்செய்ய வேண்டும். பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள், கசிந்து துருவேற்றும். கேனில் மீந்திருக்கும் எண்ணெயை அடுத்த குளிர்காலத்துக்கு என்று மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் வைக்கிறார்களே, அதுதான் எனக்கு வியப்பு. மே மாதம் அந்தக் கொட்டகைக்குள் 45 டிகிரியைத் தாண்டும். மண்ணெண்ணெயின் ஆவி பற்றும் சூடு 35, 38 என்று மேலே சொன்னேன். ஜனவரியில் தீக்குச்சிக்குக்கூட லேசில் மசியாத அதே எண்ணெய், மே மாத மதியத்தில் மூடி தளர்ந்த கேனில் இருந்தால் பெட்ரோலைப் போலவே ஒரு தீப்பொறிக்குப் பற்றும். தேவைக்கு மேல் வாங்காதீர்கள். ஐந்து லிட்டரே உங்களுக்கு அதிகம். மிஞ்சினால் சாக்கடையில் ஊற்றாமல், அதைப் பயன்படுத்தத் தெரிந்த வாகனப் பட்டறைக்காரரிடம் பாகங்கள் கழுவக் கொடுத்துவிடுங்கள், வாங்கிக்கொள்வார்.